ஆளுக்கொரு கதவு

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், நகரத் தொழில் அருங்காட்சியகத்தின் மூன்று தளங்களிலும் சுவரில் இருந்த ஆயிரத்து நூற்று நாற்பது விவரப் பலகைகள் கழற்றப்பட்டன. அன்று மாலையே நுழைவுக் கூடத்தில் நானூறு கையடக்கக் கருவிகள் வந்து இறங்கின. கருவிக்கு ‘துணை’ என்று பெயர்.

குழாய்க்காரருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஏப்ரல் ஐந்தாம் தேதி மதியம் அக்கா மகளை அங்கே அழைத்து வந்திருக்க மாட்டார்.

குழாய்க்காரருக்கு இரண்டு தொழில். ஒன்று அடைப்பு எடுப்பது. மற்றொன்று அளப்பது. ஒருமுறை மேல்நிலைத் தொட்டிக்குள் தலைகீழாக இறங்கி ஒரு பூனையைக் காப்பாற்றினார்; அடுத்த முறை சொல்லும்போது அது தாயும் மூன்று குட்டிகளுமாகிவிட்டது. "இவன் சொல்றதுல பாதியைக் கழி, மிச்சத்தை ஊற வை, மறுநாள் பாக்கலாம்" என்பது வீட்டில் எல்லாரும் சொல்லும் பேச்சு. அதில் அவருக்கு வருத்தம் கிடையாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. அந்த ஒரு விஷயத்தில் அவர் ஒரு எழுத்தைக்கூடக் கூட்டியதில்லை. அதையும் யாரும் நம்பவில்லை.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு மெத்தைத் தொழிற்சாலை எரிந்தது. பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி அவருடைய அக்கா. அக்கா மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளை வளர்த்தது அப்பாவின் தங்கை, அதாவது அத்தை. அத்தை பாசத்துக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் கோபம் வந்தால் ஒன்று சொல்வாள். "உங்கம்மா சாப்பாட்டைச் சூடு பண்ண அடுப்பு பத்த வெச்சா. போகும்போது பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போனா." ஊரிலும் அதே பேச்சுதான். செத்தவர்களில் இரண்டு பேருடைய பிள்ளைகள் அவள் வகுப்பிலேயே படித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் அவள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள்.

அடுப்பே இல்லை என்று குழாய்க்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். தீ மின்கம்பியில் பிடித்தது. எல்லாரும் ஓடித் தப்பியிருக்கலாம். தொழிலாளர்கள் நடுவில் தேநீருக்குப் போய்விடக் கூடாது என்று மேற்பார்வையாளர் மணி அடிக்கும்வரை கதவை வெளியிலிருந்து பூட்டி வைப்பது வழக்கம், அன்றைக்கும் பூட்டியிருந்தார். விசாரணை அறிக்கை வெளியே வரவேயில்லை. ஆனால் கரிந்த கதவு அருங்காட்சியகத்துக்கு வந்தது. அப்போது அங்கே பொறுப்பில் இருந்த ஒரு அம்மாள், தீயணைப்புக்காரர்களை வீடு வீடாகத் தேடிப் போய் விசாரித்து, கதவுக்குக் கீழே ஒரு பித்தளைப் பலகை வைத்தாள். ‘சம்பவ நாளில் இக்கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. தீ மின்கம்பியிலிருந்து பரவியது. பதினொருவர் இறந்தனர்.’ அந்த அம்மாளும் இறந்துவிட்டாள். உலகத்தில் அந்த விஷயம் எழுதப்பட்டிருந்த இடம் அது ஒன்றுதான். குழாய்க்காரர் வருடத்துக்கு ஒருமுறை வந்து அதைப் படித்துவிட்டுப் போவார், மூடிய குழாய் மூடியே இருக்கிறதா என்று பார்ப்பது போல. படம் எடுத்துக்கொள்ள அவருக்குத் தோன்றியதில்லை. சுவர் எங்கே போய்விடப் போகிறது?

அக்கா மகள் ஒரு ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் பயிற்சிக்காக இந்த நகரத்துக்கு வந்திருந்தாள். திரும்பும் பேருந்து நாலு நாற்பதுக்கு.

"வாயால சொன்னதை நான் எழுதிக்க மாட்டேன் மாமா. எங்க வேலை அப்படி. ரிப்போர்ட் இருந்தா காட்டுங்க" என்று அவள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

"பித்தளையில பொறிச்ச ரிப்போர்ட் இருக்கு. நீ வா. நான் வாயே தொறக்கல."

நுழைவுக் கூடத்தில் அவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ‘உங்களுக்காக மட்டும்’ என்று எழுதியிருந்தது. எல்லாருக்கும் அதே சட்டை.

"ரெண்டு டிக்கெட்டும்மா. ரெண்டாம் மாடியில ஒரு கதவு இருக்கு. அதை மட்டும் பாத்துட்டுப் போயிடுவோம்."

"அதை நீங்க முடிவு பண்ண முடியாதுங்க சார். துணை முடிவு பண்ணும்."

"எனக்குத் துணைக்கு இவ இருக்காளே."

"இவங்க மனுஷங்க சார்" என்றாள் அந்தப் பெண், அது ஒரு குறை என்பது போல.

அவள் ஒரு கருவியை எடுத்து ஈரத்துணியால் துடைத்து நீட்டினாள். உள்ளங்கை அகலம், சோப்புக்கட்டி கனம். துடைத்த பிறகும் முந்தைய ஆளின் வியர்வை நாற்றம் அதில் இருந்தது. திரையில் கேள்விகள் வந்தன. நீங்கள் ஒரு பறவையானால் எந்தப் பறவை? படிக்கட்டுகளைப் பற்றி உங்கள் கருத்து என்ன? தெரியாத ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு எவ்வளவு வலிக்கும்? இன்று உங்கள் மனநிலை: மகிழ்ச்சி, பெருமகிழ்ச்சி, வியப்பு.

"துக்கம்னு ஒண்ணு இல்லையாம்மா?"

"மொதல்ல இருந்துச்சு சார். தொட்டவங்க கம்மின்னு எடுத்துட்டாங்க."

அவர் வியப்பைத் தொட்டார். அது பொய்யும் இல்லை. தொழில் என்ற இடத்தில் ‘குழாய்’ என்று போட்டார். மற்ற எல்லாக் கேள்விக்கும் ‘கதவு’ என்று எழுதினார். கருவி அதை ஏற்கவில்லை. அக்கா மகள் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பினாள். படிவம் என்றால் அவளுக்கு மரியாதை உண்டு. கடைசிக் கேள்வி, ‘எங்கள் காட்சிப் பொருள்களைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே அறிந்தது என்ன?’ அவள் ஒரு நொடி தயங்கி, கேள்விப்பட்டதை அப்படியே எழுதினாள்: ‘மெத்தைத் தொழிற்சாலைத் தீ. ஒரு பெண் தொழிலாளி அடுப்பு பற்ற வைத்ததால் நடந்தது.’

பிறகு கருவியை இருபது நொடி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது ஆளைப் புரிந்துகொள்ள வேண்டுமாம். கூடம் முழுக்க வளர்ந்த ஆண்களும் பெண்களும், பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் வரவைப்பது போல ஆளுக்கொரு கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒரு விஷயம் சார்" என்றாள் கவுண்டர் பெண். "பின்னாடி உங்க கட்டைவிரல் இருக்கணும். வேற ஒருத்தர் வாங்கினா அது அவங்களுக்குத் தக்கபடி மாறிடும்."

"மனுஷன் பரவால்ல போல" என்றார் குழாய்க்காரர்.

முதல் கூடத்தில் ஒரு நீராவி இயந்திரம் இருந்தது. அதைச் சுற்றி முப்பது பேர். ஒருவர் கண்ணைத் துடைத்தார், ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார், ஒரு பெண் அதற்கு வணக்கம் வைத்தாள். பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கண்டுபிடிச்சது அந்தாளோட பொண்டாட்டி. இப்பத்தான் சொல்லுச்சு."

"என்கிட்ட அவனுக்குக் கல்யாணமே ஆகலன்னு சொல்லுச்சுடி."

"உங்களுக்கு ஏன் அப்படிச் சொல்லணும்? அந்த ஆசை இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

குழாய்க்காரர் அவர்களைக் கடந்து போனார். போகிற வழியில் அவர் ஒரு தப்பு செய்தார். முப்பது வருடம் குழாயோடு கிடந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கூரை ஓரமாகப் போன குழாயின் இணைப்பில் ஒரு சொட்டு நீர் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நின்றார். அந்தச் சொட்டு விழுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். அடுத்த சொட்டையும் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பார்வையாளர் எதன் முன் நிற்கிறாரோ அதை அவர் விரும்புகிறார் என்பது கருவியின் நம்பிக்கை.

கருவி அதிர்ந்தது. "குழாய் நண்பரே! உங்கள் பாதை மாற்றப்பட்டது" என்றது. அடுத்த கூடத்துக்கான கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. இடது பக்கம் ஒரு சிறிய கதவு திறந்தது. அது கழிப்பறை.

உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தது. சுவரிலிருந்த சுவிட்ச் பெட்டியின் முன்னால் ஒரு மின்பணியாளர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எவ்வளவு நேரமா அண்ணே?"

"நாப்பது நிமிஷம். மூடி லூசா இருக்கேன்னு மேல ஒரு பெட்டியைத் தொட்டுப் பாத்தேன். அப்புறம் பெட்டி பெட்டியாக் காட்டி இங்க கொண்டு வந்து விட்டுடுச்சு. பொண்டாட்டி புள்ளைங்க எங்க இருக்காங்கன்னே தெரியல."

குழாய்க்காரரின் கருவி தொட்டி நீரின் சுழற்சியைப் பற்றி மூன்று நிமிடம் பேசியது. அழுத்திப் பார்க்கச் சொன்னது. அழுத்தினார். தண்ணீர் வரவில்லை. முந்தைய ரசிகர்கள் விட்டுச் சென்றது அப்படியே இருந்தது. கருவி கை தட்டியது.

அக்கா மகள்தான் வந்து மீட்டாள். அவளுடைய கருவி இரண்டாம் தளத்துக்கு அனுமதி கொடுத்திருந்தது. ‘உடன் வருபவர்’ என்று அவரை அதில் சேர்த்துக்கொண்டாள்.

"சுத்திப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன். மூக்குக்கு நல்ல விருந்து."

கதவு அங்கேயே இருந்தது. கரிந்த, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரக்கதவு. உள்பக்கம் நம்மைப் பார்க்க, பூட்டு மாட்டும் வெளிப்பக்கம் சுவரோடு ஒட்டி, எப்போதும் இருந்தபடியே. அதன் கீழே சுவர் வெறுமையாக இருந்தது. குழாய்க்காரர் குனிந்தார். நான்கு திருகாணி ஓட்டைகளை மாவு வைத்து அடைத்து மேலே வண்ணம் பூசியிருந்தார்கள். வண்ணம் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. அவர் கட்டைவிரலால் தடவினார்.

"குழாய் நண்பரே!" என்றது கருவி. "இந்தக் கதவில் குழாய் இல்லை. அடுத்த பொருளுக்குச் செல்வோமா?"

"இங்கதான்மா இருந்துச்சு. இதோ நாலு ஓட்டை. பித்தளை."

"ஓட்டை ஒண்ணும் சொல்லாது மாமா" என்றாள் அவள். அவள் தன் கருவியின் இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள், விரலை எடுக்காமல்.

‘நீங்கள் சொன்னது சரி! ஒரு பெண் தொழிலாளியின் கவனக்குறைவால் இந்தத் தீ ஏற்பட்டது. உங்கள் அறிவைப் பாராட்டுகிறோம். இது போன்ற ஒருவர் உங்கள் பணியிடத்தில் இருக்கிறாரா? ஆம் / இல்லை.’

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது இருந்த முகம் இதுதானாக இருக்க வேண்டும்.

மூலையில் நின்ற காவலரிடம் போனார். "தம்பி, இங்க ஒரு பலகை இருந்துச்சே, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் வந்து மூணு வாரந்தாங்க ஆவுது. என் கருவி இதைத் தொடாதேன்னு மட்டும்தான் சொல்லும்" என்றார் காவலர். "இயக்குநரைப் பாருங்க. மூணாவது மாடி. நல்லாப் பேசுவார்."

மணி மூன்று பத்து. அக்கா மகள் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "போயிட்டு வாங்க மாமா. நாலு மணிக்குள்ள வந்துடுங்க."

இயக்குநரின் அறையில் வாசனைத் திரவியம் தெளித்திருந்தது. இயக்குநர் எழுந்து வந்து இரண்டு கையாலும் குழாய்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார், பிடித்த கையை விடவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"பலகைன்றது ஒரு சர்வாதிகாரி சார். யோசிச்சுப் பாருங்க. பணக்காரன், ஏழை, குழந்தை, கிழவர், எல்லாரையும் ஒரே வாக்கியத்தைப் படிக்க வெக்குது. ஒரே செருப்பு எல்லார் காலுக்கும் சேருமா?"

"சேராது சார். ஆனா கதவு ஒண்ணுதானே?"

"கதவு ஒண்ணு. அனுபவம் பல. முன்னெல்லாம் ஜனங்க இங்க வந்து தெரியாததைத் தெரிஞ்சுக்கிட்டுப் போவாங்க. கணக்கெடுத்துப் பாத்தோம். தெரியாததைத் தெரிஞ்சுக்கும்போது மனுஷனோட முகம் சுருங்குது சார். தெரிஞ்சதையே திரும்பக் கேட்டா மலருது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தக் கட்டடத்துல இனி ஒரு முகமும் சுருங்கக் கூடாது."

"கதவு பூட்டியிருந்துச்சா இல்லையா சார்?"

"உங்களுக்கு எப்படி இருந்தா வசதி?"

குழாய்க்காரர் தலையைச் சாய்த்து அவரையே பார்த்தார். அடைப்பு எந்த வளைவில் இருக்கிறது என்று தெரியாதபோது அவர் இப்படித்தான் பார்ப்பார். இயக்குநர் அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

"அந்தத் தொழிற்சாலை முதலாளியோட பேத்தி வருஷா வருஷம் வருவாங்க. பாவம், அந்தப் பலகையைப் பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிட மாட்டாங்க. போன வாரம் வந்தாங்க. காத்தோட்டத்துக்காகக் கதவை எப்பவும் தொறந்தே வெப்பாங்கன்னு அவங்க கருவி சொல்லுச்சு. எவ்வளவு நிம்மதி தெரியுமா அவங்களுக்கு. இந்த நானூறு கருவியும் அவங்க அறக்கட்டளை குடுத்ததுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. நானா சொல்றேன், நீங்க கேக்கல பாருங்க."

"அந்தப் பலகையையாவது காட்டுங்க சார். அஞ்சு நிமிஷம். பொண்ணு நாலு நாப்பது பஸ்ஸுக்குப் போகணும்."

"பலகை இப்போ பலகை இல்ல சார், பாரம்பரியப் பொருள். அடுத்த வருஷம் ‘பலகைகளின் காலம்’னு ஒரு கண்காட்சி வெக்கிறோம். ஆயிரத்து நூத்து நாப்பதையும் கண்ணாடிப் பெட்டியில வெப்போம். பின்பக்கம் தெரியற மாதிரி."

"பின்பக்கமா?"

"முன்பக்கம் எழுத்து இருக்கே. எழுத்து இருந்தா எல்லாரும் படிச்சிடுவாங்க. பின்பக்கத்துல ஏறியிருக்கற பச்சைக் களிம்பு அவ்வளவு அழகு சார். அது என்னன்னு துணை ஆளுக்கேத்த மாதிரி சொல்லும்."

பலகைகள் இருக்கும் கிடங்கைப் பார்க்க விண்ணப்பித்தால் ஆறு வாரம் ஆகும் என்றார். ஒரு வெள்ளைத் தாளில் அந்த மூன்று வாக்கியங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருமாறு குழாய்க்காரர் கேட்டார். இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"தாள் எல்லார்கிட்டயும் ஒண்ணையே சொல்லும் சார். அது எங்க கொள்கைக்கு விரோதம். ஆனா உங்களை வெறுங்கையா அனுப்ப மாட்டேன்." அவர் மேசைக் கணினியில் தட்டத் தொடங்கினார். "அந்த வாக்கியம் எப்படி வரும், சொல்லுங்க."

குழாய்க்காரர் சொன்னார். மனப்பாடமாக இருந்தது. ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

"ஆச்சு. இனிமே நீங்க எப்போ வந்தாலும், உங்க கருவி உங்களுக்கு அதையே சொல்லும். ஆயுசுக்கும்."

"எனக்கா? எனக்குத்தான் தெரியுமே சார்."

"அதான் சார். தெரிஞ்சவங்களுக்குச் சொல்றதுதான் மரியாதை. தெரியாதவங்க மேல அதைத் திணிக்கிறது வன்முறை. உங்க அக்கா பொண்ணு அடுப்புன்னு எழுதியிருக்காங்க, இதோ திரையில இருக்கு. அவங்க நம்பிக்கையில கை வைக்க நான் யாரு?"

வெளியே வரும்போது கருவி திருப்தியைக் கேட்டது. ஐந்து நட்சத்திரம் போடும்வரை கதவு திறக்கவில்லை. போட்டார்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு. அவர் படிகளில் வேகமாக இறங்கி வந்தார். அக்கா மகள் எழுந்து நின்றாள். கருவியை அவள் கையில் கொடுக்கப் போனவர், கவுண்டர் பெண் சொன்னது நினைவுக்கு வந்து, தன் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, இயர்போனை மட்டும் எடுத்து அவள் காதில் வைத்தார். இருவரும் ஒரு கயிற்றில் கட்டிய ஆடுகள் போலக் கதவின் முன் நின்றார்கள். கருவியின் குரல் பெரிதாக இருந்ததால் அவருக்கும் கேட்டது.

"வணக்கம் குழாய் நண்பரே! உங்கள் விருப்பத்தை மதித்து, உங்களுக்காக மட்டும்: சம்பவ நாளில் இக்கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. தீ மின்கம்பியிலிருந்து பரவியது. பதினொருவர் இறந்தனர்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதை இப்பத்தான் ஏத்தினாங்களா மாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். தொட்டிப் பூனைக்கு மூன்று குட்டிகளைக் கொடுத்தவருக்கு அது ஒரு வேலையே இல்லை. "ஆமாம்மா. இப்பத்தான்."

"யார் சொல்லி?"

"நான் சொல்லித்தான். ஆனா அந்தப் பலகையில..."

"நோயாளியே எழுதிக் குடுத்ததுல நான் கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட்னு குடுக்க முடியுமா மாமா? சொல்லுங்க."

"முடியாது."

"என்னோடது எனக்குப் பிடிக்காததைச் சொல்லுது. உங்களோடது உங்களுக்குப் பிடிச்சதைச் சொல்லுது. நான் எதை எடுத்துக்கறது?"

அவர் சுவரைக் காட்டினார், நான்கு ஓட்டைகள் இருந்த இடத்தை. காட்டிய கை சும்மா காற்றில் நின்றது. அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நான் நம்பறேன் மாமா" என்றாள். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, வலிக்காது என்று நோயாளியிடம் சொல்கிற குரல் அது. தொழில் குரல். அவருக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

கீழே கருவிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். கவுண்டர் பெண் அவற்றைத் துடைத்து, வரிசையில் நின்ற அடுத்த இரண்டு பேரிடம் நீட்டினாள். அவர்கள் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

அக்கா மகள் நாலு நாற்பது பேருந்தில் ஊருக்குப் போனாள். குழாய்க்காரர் இயக்குநரிடம் போய்ச் சொன்னது ஒரு புகாராகப் பதிவாகி, ‘பார்வையாளர் மகிழ்ச்சியுடன் தீர்க்கப்பட்டது’ என்று அன்று மாலையே முடிக்கப்பட்டது. கிடங்கைப் பார்க்க அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பம், கருவி மூலம் வரவில்லை என்பதால், ஆறாவது வாரத்தில் திரும்பி வந்தது. அருங்காட்சியகத்தின் ஏப்ரல் மாத அறிக்கையின்படி, அந்தக் கதவின் முன் ஆறாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அது பூட்டியிருந்தது என்ற வாக்கியம் ஒருமுறை ஒலித்தது. சராசரித் திருப்தி ஐந்துக்கு நான்கு புள்ளி எட்டு.